பிரித்தது யார், சேரவிட்டது யார்?

கேள்வி: “ஒரு அறிபுனை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2090-இல் தண்ணீரையும் பேச்சையும் அரசாங்கமே அளந்து கொடுக்கும் ஒரு நகரம். கதாநாயகி ஆவணத் துறையில் வேலை பார்க்கிறாள். எட்டு வருடம் முன்பு பிரிந்துபோன காதலன் தொழிலாளர் முகாமிலிருந்து திரும்பி வருகிறான். தண்ணீர் வரிசையில் இருவரும் எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். படித்துப் பார்த்த நண்பர்கள், ‘உலகம் நன்றாக வந்திருக்கிறது, காதலும் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒட்டத்தான் இல்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?”

உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து கோளாறு அந்தத் தண்ணீர் வரிசையில்தான். குடிமக்கள் குடிக்கிற தண்ணீரையும் பேசுகிற பேச்சையும் கணக்கெடுக்கும் அரசாங்கம், முகாமிலிருந்து வெளியே விட்ட ஒரு கைதி யாருக்குப் பின்னால் போய் நிற்கிறான் என்பதைக் கவனிக்காமல் இருக்குமா? கவனிக்கவில்லை என்றால், நூறு பக்கம் பாடுபட்டு நீங்கள் கட்டிய கண்காணிப்பெல்லாம் அட்டைச் செட்டு என்றாகிவிடும். கவனித்தும் சும்மா இருந்தது என்றால் ஏன் இருந்தது? உங்கள் நாவல் அங்கேதான் தொடங்குகிறது. கையெழுத்துப் பிரதியில் அந்தக் கேள்வியே வரவில்லை.

சாதாரணக் காதல் கதையில் பிரிந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் எதிர்ப்படலாம். கல்யாண மண்டபம், ரயில் பெட்டி, ஆஸ்பத்திரி வராந்தா. அப்படி ஒரு தற்செயலை வாசகர் பெரிதாகக் கேட்கமாட்டார். டிஸ்டோபியாவில், அதாவது கொடுங்கோல் எதிர்காலத்தைக் காட்டும் கதையில், அந்தச் சலுகை கிடையாது. தற்செயலை ஒழித்துக்கட்டியவர்கள் ஆளுகிற இடம் அது. அங்கே இரண்டு பேர் பிரிந்தால் பிரித்த கை ஒன்று உண்டு. மறுபடி சந்தித்தால் சந்திக்கவிட்ட கை ஒன்று உண்டு. இரண்டும் ஒரே கை என்று வாசகருக்குத் தெரிகிற நிமிடத்தில் காதலும் உலகமும் தாமாக ஒட்டிக்கொள்ளும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1949-இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ என்றால் எல்லோருக்கும் சித்திரவதை நடக்கும் 101-ஆம் அறையும் எலிக்கூண்டும் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட நடுக்கம் தருவது அதற்குப் பின்னால் வருகிற சில பத்திகள். அவற்றின் கனம் தெரிய, அந்தக் காதல் தொடங்கிய விதத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜூலியா நடைபாதையில் தடுக்கி விழுந்து, எழுந்திருக்கும் சாக்கில் ஒரு துண்டுச் சீட்டை நாயகன் வின்ஸ்டன் கையில் திணிக்கிறாள். அதற்குப் பதில் சொல்ல, உணவுக்கூடத்தில் அவள் மேசையில் போய் உட்கார, அவனுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாகிறது. முகம் பார்க்காமல், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சாப்பிட்டபடியே எங்கே எப்போது என்று முணுமுணுத்துக்கொள்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு நிமிடம் கையைப் பிடித்துக்கொள்வதற்கு உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

சித்திரவதையெல்லாம் முடிந்து, மார்ச் மாதக் குளிரில் ஒரு பூங்காவில் இருவரும் மறுபடி எதிர்ப்படுகிறார்கள். தரை இரும்பாய் இறுகிக் கிடக்கிறது. அவள் நெற்றியிலிருந்து கன்னப்பொட்டுவரை ஒரு தழும்பு, பாதி முடியால் மறைந்திருக்கிறது. அவன் அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோடுகிறான். ஒலிவாங்கி ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்கள், பார்த்தாலும் பார்ப்பார்கள். ஆனால் அதனால் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் இப்போது என்ன செய்தாலும் ஆளும் கட்சிக்கு அக்கறை இல்லை. நினைத்தால் இன்னொரு நாள் சந்திக்கவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ‘உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்’ என்று அவள் சொல்கிறாள், அவனும் அதையே சொல்கிறான். அழுகை இல்லை, சண்டை இல்லை. ரயில் நிலையம்வரை கூடப் போகலாம் என்று கிளம்பியவனுக்குப் பாதி வழியில் குளிர் உறைக்கிறது; வழக்கமாக உட்காரும் கஃபேயின் கதகதப்பு ஞாபகம் வருகிறது. நடையைத் தளர்த்திப் பின்தங்குகிறான். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், நடந்துபோகிறவர்களில் அவள் யார் என்று அடையாளம் தெரியவில்லை.

முன்பு உயிரைக் கொடுத்துத் திருடிய நிமிடங்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதே தண்டனை. அந்தச் சந்திப்புக்குக் கட்சி தடை போட்டிருந்தால்கூட அவர்களிடம் ஏதோ மிச்சமிருக்கிறது என்று வாசகர் ஆறுதல் பட்டிருப்பார். அனுமதி கொடுத்ததன் மூலம் அந்த ஆறுதலையும் ஆர்வெல் பிடுங்கிவிடுகிறார். ‘சேரவிட்டது யார்’ என்ற கேள்விக்கு இதைவிடக் கொடுமையான பதிலை நான் படித்ததில்லை.

இதற்கு நேர்மாறாக, அதே கேள்வியைக் கேலிக்கூத்தாக்கியவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1932-இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலைப் பிரிந்தவர் கூடும் கதை என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் அதன் நடுவில் அப்படி ஒரு காட்சி இருக்கிறது. கருத்தரிப்பு நிலையத்தின் இயக்குநர் இளவயதில் தன் தோழி லிண்டாவை நியூ மெக்ஸிகோவின் பூர்வகுடிப் பகுதிக்குக் கூட்டிப்போய், புயலில் தொலைத்துவிட்டு, தேடிக் கிடைக்காமல் தனியாகத் திரும்பியவர். அவள் அங்கேயே மாட்டிக்கொண்டு, பிள்ளையும் பெற்று, முன்பற்கள் விழுந்து, உடல் ஊதி, தோல் சுருங்கி, பல வருடம் கழித்து லண்டனுக்கு வருகிறாள். யாருமே மூப்படையாத ஊர் அது. இயக்குநர் தனக்குக் கீழே வேலை பார்க்கும் பெர்னார்டை ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தி நாடு கடத்தத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து பெர்னார்ட் லிண்டாவை உள்ளே வரச் சொல்கிறான். அவள் பழைய செல்லப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடிவந்து இயக்குநரின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். கூடமே சிரிக்கிறது. தனக்குப் பிள்ளை பிறந்த கதையை அவள் சொன்னதும் ஒரு கணம் அமைதி. தாய் என்பது வாயால் சொல்லவே கூசும் கெட்ட வார்த்தை அங்கே. பின்னாலேயே மகன் வந்து மண்டியிட்டு ‘அப்பா’ என்கிறான். மறுபடி சிரிப்பு வெடிக்கிறது. இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறார்.

லிண்டாவிடம் ஒரு குறையும் இல்லை, அவள் உண்மையிலேயே ஓடி வந்தாள். அவள் அன்பைக் காட்டுவதற்கு அந்த உலகத்தில் மொழி இல்லை, சிரிப்புதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தச் சந்திப்பை நடத்தி வைத்தவன் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த ஒரு குட்டி அதிகாரி. காதலுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஆவணத் துறையில் இப்படி ஒரு ஆள் இருக்கக்கூடாதா என்று யோசித்துப் பாருங்கள். கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பதவி உயர்வு வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் லிண்டா சோமா என்ற மயக்க மாத்திரையிலேயே மூழ்கி ஆஸ்பத்திரியில் சாகும்போது அவள் வாயில் வரும் பெயர் இயக்குநருடையது இல்லை, பூர்வகுடிப் பகுதியில் அவளோடு இருந்தவனுடையது. திரும்பி வந்த பிறகு அவள் நினைவு வேறு பக்கம் போய்விட்டது. இந்த ஒரு கோணலை ஹக்ஸ்லி விளக்காமல் விட்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

இந்த இருவருக்கும் முன்னோடி 1920-21 வாக்கில் ரஷ்யாவில் ஸம்யாதின் எழுதிய ‘நாங்கள்’. கண்ணாடிச் சுவர் வீடுகள், பெயருக்குப் பதில் எண்கள், காதலுக்குக்கூட இளஞ்சிவப்புச் சீட்டு. அதைக் காட்டினால்தான் திரையை இறக்கிக்கொள்ளலாம். டி-503 என்ற பொறியாளன் ஐ-330 என்ற கலகக்காரியைக் காதலிக்கிறான். கற்பனையை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை அவனுக்கு நடந்த பிறகு, அவளைச் சித்திரவதை செய்வதை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறான். அவள் யாரென்றே அவனுக்கு உறைக்கவில்லை. இதுவும் ஒரு சந்திப்புதான்.

கதைகளை விட்டுவிட்டு நடந்தவற்றுக்கு வருவோம். கற்பனை வறண்டுபோகும்போது நான் போய்ப் பார்ப்பது அங்கேதான். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்தில் படிக்க வந்த வட கொரிய மாணவர் ஒருவரும் அங்கே படித்த ஜெர்மன் பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1961-இல் வட கொரியா தன் மாணவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கைக்குழந்தையும் வயிற்றில் ஒரு குழந்தையுமாக மனைவி ஜெர்மனியில் நின்றுவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் கணவரை மறுபடி பார்த்தது 2008-இல், பியோங்யாங்கில், 47 வருடம் கழித்து. கணவர் மறுமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, வயதாகியிருந்தார். இடையில் ஒரு சண்டைகூட அவர்களுக்குள் நடந்திருக்கவில்லை. பிரிவுக்கான காரணம் முழுக்க ஒரு அலுவலகத்தின் சுற்றறிக்கை.

இன்னொன்று வியட்நாம்காரர் ஒருவரின் கதை. படிப்புக்காக வட கொரியா போனவர், 1971-இல் ஒரு தொழிற்சாலையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். வெளிநாட்டவரைக் காதலிக்க அனுமதி இல்லாத நாடு. ஊர் திரும்பியவர் விடவில்லை. 1990-களின் பஞ்சத்தின்போது நண்பர்களோடு சேர்ந்து 7 டன் அரிசி திரட்டி வட கொரியாவுக்கு அனுப்பினார். தன் நாட்டின் ஜனாதிபதிக்கே எழுதிப் போட்டார். 2002-இல் அனுமதி வந்தது, அதுவும் அந்தப் பெண் வட கொரியக் குடியுரிமையை விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. முப்பத்தொரு வருடம் கழித்துக் கல்யாணம். அரிசி மூட்டை, மேலிடத்துக்கு ஒரு கடிதம், இரண்டு நாட்டுத் தலைவர்களின் நல்லுறவு என்று ஒரு காதல் இத்தனை வாசல் தாண்டி வந்திருக்கிறது. இப்படி ஒரு வாசலாவது உங்கள் நாவலில் வேண்டும். முகாமிலிருந்து அவனை எந்தத் தாள் வெளியே கொண்டுவந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை.

கொரியாவின் பிரிந்த குடும்பங்கள் சந்திப்பதற்கு இரு அரசுகளும் 2000-இலிருந்து 2018வரை அவ்வப்போது ஏற்பாடு செய்தன. தெற்கிலிருந்து போகிறவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். 2018 ஆகஸ்டில் கும்காங் மலையில் நடந்த சந்திப்பில் மூன்று நாளுக்குமாகச் சேர்த்துச் சுமார் 11 மணி நேரம் கொடுத்தார்கள். 2015-இல் சந்தித்தவர்களில், கல்யாணமாகிச் சில மாதத்திலேயே பிரிந்து 65 வருடம் கழித்துப் பார்த்துக்கொண்ட ஒரு தம்பதியும் இருந்தார்கள். எண்பதைத் தாண்டிய இருவர், நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொல்லும்வரை பேசலாம். இதைவிடப் பெரிய வில்லத்தனத்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அறிபுனை எழுத்தாளருக்கு இல்லை.

காட்டிக்கொடுத்தல் என்ற விஷயத்துக்குக் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத் துறையைப் பார்க்காமல் எழுதவே கூடாது என்பேன். 1989-இல் அதற்குச் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டு தகவல் சொன்னவர்கள் அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அடுக்கி வைத்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கோப்புகள். 1992 ஜனவரியிலிருந்து, தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டுப் படிக்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. எதிர்ப்பியக்கத்தில் இருந்து சிறைக்கும் போய், பெர்லின் சுவர் விழுந்த பிறகு நாடாளுமன்ற உறுப்பினரான வேரா லெங்ஸ்ஃபெல்ட், தன்னைப் பற்றித் தகவல் கொடுத்துக்கொண்டிருந்த ‘டொனால்ட்’ என்பவர் தன் சொந்தக் கணவர்தான் என்று அந்தக் கோப்புகள் வழியாகத் தெரிந்துகொண்டார். விவாகரத்து ஆனது. பல வருடம் கழித்து அவரை மன்னித்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கதாநாயகி ஆவணத் துறையில் இருக்கிறாள் என்பதால் இதைச் சற்று நீட்டிச் சொன்னேன். எட்டு வருடம் முன்பு அவனை முகாமுக்கு அனுப்பிய கோப்பு அவள் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. அதை அவள் எடுத்துப் பார்த்தாளா? பார்க்கக்கூடாது என்று தன்னைத் தடுத்துக்கொண்டாளா? பார்த்தால் அதில் தகவல் கொடுத்தவரின் இடத்தில் யார் பெயர் இருக்கும்? நீங்கள் அவளை அந்தத் துறையில் உட்காரவைத்துவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் மனதில் எழும் ஏக்கத்தை இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள். ஏக்கம் கெட்டதில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கோப்பு இருக்கும்போது ஏக்கத்தை மட்டும் எழுதுவது, துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேசுவது மாதிரி.

இதே இடத்தை மென்மையாகத் தொட்ட ஒரு படம் உண்டு: 2004-இல் வந்த ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’. காதல் முறிந்தவர்கள் பணம் கட்டி ஒருவர் நினைவை மற்றவர் அழித்துக்கொள்ளலாம், அதற்கு லகூனா என்றொரு கம்பெனி. அங்கே அரசாங்கக் கொடுமை ஏதும் கிடையாது. சின்னப் பல் ஆஸ்பத்திரி போல ஒரு கிளினிக். அதுதான் பயமாக இருக்கும். ஜோயலும் கிளெமன்டைனும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டு, அடையாளம் தெரியாமலேயே ரயிலில் மறுபடி பழகுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மேரியை மறந்துவிடுகிறார்கள். அவள் அந்த கிளினிக்கின் வரவேற்பாளர். தனக்கும் டாக்டருக்கும் இருந்த உறவு தன் நினைவிலிருந்தே அழிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அவரவர் கோப்பையும் ஒலிநாடாவையும் தபாலில் அனுப்பிவிடுகிறாள். அதனால்தான் ஜோயலும் கிளெமன்டைனும் ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன வசைகளைத் தங்கள் சொந்தக் குரலிலேயே கேட்டு, அதற்குப் பிறகும் ‘சரி’ என்று சொல்கிறார்கள். அந்தச் சந்திப்பைச் சாத்தியமாக்கியது விதியோ ஆன்மாவோ இல்லை, வேலையை விட்டுப்போகும் ஒரு அலுவலக ஊழியர்.

நினைவை அழிப்பதற்குப் பதில் திரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை சூசன் காலின்ஸ் ‘மாக்கிங்ஜே’ நாவலில் (2010) எழுதியிருக்கிறார். இளைஞர்களுக்கான நாவல் என்று ஒதுக்க வேண்டாம். தலைநகர ஆட்சியிடம் பிடிபட்ட பீட்டாவுக்கு ஒரு விதக் குளவி விஷத்தை ஏற்றி, கதாநாயகி காட்னிஸ் பற்றிய அவன் நினைவுகள் ஒவ்வொன்றையும் பயமாக மாற்றிவிடுகிறார்கள். அவனை மீட்டுக் கொண்டுவந்ததும் கட்டியணைக்கப் போகும் காட்னிஸின் கழுத்தை நெரிக்கிறான். பிறகு மெதுவாகத் தேறும்போது அவன் கேட்கத் தொடங்கும் கேள்வி: ‘நிஜமா, இல்லையா?’ நாம் இதைச் செய்தோமே, நிஜமா? உனக்குப் பிடித்த நிறம் இது, நிஜமா? காதலிக்கிறேன் என்று யாரும் வசனம் பேசாமல், தகவல் சரிபார்ப்பிலேயே ஒரு உறவு மறுபடி கட்டப்படுகிறது. ஆட்சி எதைக் கெடுத்ததோ அதைக் கொண்டே காதல் காட்சியை எழுதியிருக்கிறார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே நீங்கள் நேரடியாகக் கற்றுக்கொள்ளக்கூடியது இதுதான்.

‘பிளாக் மிரர்’ தொடரில் 2017 இறுதியில் வந்த ‘ஹேங் தி டிஜே’ பற்றி நிறையப் பேர் சிலாகிப்பார்கள். ஜோடி சேர்ப்பதும், எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்கலாம் என்று சொல்வதும், பிரிப்பதும் ஒரு கருவி. முதலில் 12 மணி நேரம் மட்டும் கிடைத்த இருவர், வேறு பலரோடு காலம் கழித்துவிட்டு மறுபடி சேர்ந்து, கருவியை எதிர்த்து மதிலேறுகிறார்கள். முடிவில், இதெல்லாம் பொருத்தம் பார்க்கும் ஒரு செயலிக்குள் ஓடிய 1000 ஒத்திகைகளில் ஒன்று, அவற்றில் 998-இல் அந்த ஜோடி கலகம் செய்தது என்று தெரிகிறது. சாமர்த்தியமான கதைதான். எனக்கு உறுத்துவது, கலகமும் கருவியின் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது, பார்ப்பவர்களும் அதற்கே மனம் குளிர்ந்து எழுந்து போகிறார்கள். பிரித்த கையும் சேர்த்த கையும் ஒன்று என்பதை மிகச் சுத்தமாகக் காட்டிய கதை, அந்தக் கையைக் குலுக்கிவிட்டு முடிகிறது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கணவன் சிபி காணாமல் போய் நிலா தேடுவதில்தான் கிளம்புகிறது. ஆனால் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி கொஞ்ச நேரத்தில் மொத்தக் கதையையும் கவ்விக்கொண்டு ஓடிவிடும். வாசகர்களில் சிபியை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த நாவலுக்கு அது குறையில்லை, சுஜாதாவின் கவனம் ஜீவா என்ற பிம்ப ஆட்சியாளரின் மேல் இருந்தது. உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உங்கள் தண்ணீர் விநியோகக் கருவி அவசியத்துக்கு மேல் அழகாகப் பேசுகிறது. அதன் வாயைக் கொஞ்சம் மூடுங்கள்.

முடிவு பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், அது வந்தே தீரும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் அமைப்பு ஒன்று தன் வகைமைக்கு வைத்திருக்கும் வரையறையில் இரண்டு நிபந்தனை: காதல் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். டிஸ்டோபியா வாசகர் இதற்கு நேரெதிரானதை எதிர்பார்த்து வருகிறவர். பலர் நடுவில் புகுந்து, ஆட்சியைக் கவிழ்த்து ஜோடியைச் சேர்த்துவைத்து இரு தரப்பையும் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் சினிமாக் கடைசிக் காட்சியாகிவிடும். மார்கரெட் அட்வுட் 1985-இல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் கதாநாயகியின் கணவன் லூக் உயிரோடு இருக்கிறானா என்பதையே சொல்லாமல் விட்டார். 2017-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் நான்காவது பருவத்தில் இருவரையும் சேர்த்தது. அப்போது மனைவி ஜூன் முதலில் கேட்பது மன்னிப்பு: மகளைக் கூட்டிவர முடியவில்லை, நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு வரும் வீட்டுக்காட்சிகளில் ஆட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் படுக்கையறைவரை வந்திருப்பது தெரியும். ஆக, சேர்ந்து முடிவதாலேயே கதை நீர்த்துப்போவதில்லை. சேர்ந்தவர்கள் நடுவில் ஆட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டாமல் விட்டால்தான் நீர்த்துப்போகும்.

இனி உங்கள் பிரதி. முதல் யோசனை, அந்தச் சந்திப்பை அவளே ஏற்பாடு செய்யட்டும். விடுதலைப் பட்டியல் அவள் மேசைக்குத்தானே வரும்? பெயரைப் பார்க்கிறாள். அவனுக்கு ஒதுக்கிய வார்டு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றுகிறாள், அவ்வளவுதான். அவன் அவள் வரிசைக்கு வந்துவிடுவான். எட்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவள் செய்யும் முதல் குற்றம் அது. மேலே ஒருவர் அந்தத் திருத்தத்தைப் பார்த்துவிட்டு, திருத்தாமல் விடுகிறார். ஏன் விட்டார் என்பதை நூறு பக்கம் கழித்துச் சொல்லலாம். அவர்கள் தேடும் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கலாம், இந்த இருவரும் பேசிக்கொண்டால் அவர் பெயர் வெளியே வரும் என்று காத்திருக்கலாம். அப்போது வாசகர் காதலர்கள் பேச வேண்டும் என்று ஆசைப்படுவார், பேசிவிடக்கூடாதே என்று பயமும் படுவார்.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது, உங்கள் பிரதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான், நீங்கள் வீணடித்திருப்பதும் அதைத்தான். ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை சொல் என்று அளந்து கொடுக்கும் நகரம். அப்படிப்பட்ட ஊரில், சாயங்கால வரிசையில் எதிர்ப்பட்ட இருவர் எட்டு வருடக் கதையை மூன்று பக்கத்துக்குப் பேசுகிறார்கள்! சொல் தீர்ந்துபோயிருக்க வேண்டாமா? அன்றைக்கு அவளிடம் மிச்சம் ஆறு சொல், அவனிடம் நான்கு என்று வைத்துப் பாருங்கள். முகாமிலிருந்து வந்தவனுக்கு அளவு குறைவாகத்தான் இருக்கும். நம் மொழி இதற்கு ரொம்பவே உதவும், ஒரே வினைமுற்றில் யார், எப்போது, எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அடங்கிவிடும். “வந்துட்டியா” என்று அவள் கேட்டால் ஒரு கதை, ஒலிவாங்கிக்குப் பயந்து “வந்துட்டீங்களா” என்று கேட்டால் வேறு கதை. அவன் எதில் பதில் சொல்கிறான் என்பதற்கு வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மிச்சச் சொல்லை எதற்குச் செலவு செய்கிறார்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பானா, அல்லது அந்த நான்கில் ஒன்றைத் தண்ணீர்க் குடத்தை நகர்த்தச் சொல்வதற்கு வீணாக்குவானா? நான் எழுதினால் வீணாக்கத்தான் வைப்பேன்.

கோப்பு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். தகவல் கொடுத்தது அவள்தான் என்று கடைசியில் உடைப்பது யாரும் ஊகிக்கக்கூடிய திருப்பம். அவளுடைய பங்கு சிறியதாக இருக்கட்டும். விசாரணையில் கேட்டபோது அவன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அது போதும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் இது எட்டு வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வரிசையில் வந்து நிற்கிறான் என்றால், அவன் வந்தது அவளுக்காகவா, கணக்குத் தீர்க்கவா என்று நாவல் முழுக்க ஓட்டலாம். அவனுக்கே அது தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது வரைவில் முதலில் அந்த மூன்று பக்க உரையாடலை வெட்டிவிட்டு, பத்துச் சொல்லுக்குள் அந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். மற்ற அத்தியாயங்களில் எதை மாற்ற வேண்டும் என்பது அதை எழுதும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும்.